இருபத்தாறு செம்பும் ஒரு வைஃபை பெட்டியும்

'எனக்குத் தெரியாது' என்ற சொல் இசக்கிராஜா அண்ணாச்சியின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு என்று கொச்சிக்கு வந்தவர். வந்த முதல் மழையிலேயே கட்டட வேலை நின்றுபோனது. எந்தக் கம்பத்திலும் ஏணி இல்லாமல் ஏறுகிறார் என்று பார்த்து எங்கள் முதலாளி வெங்கிடேஷ் பை அவரைக் கேபிள் இழுக்கக் கூப்பிட்டுக்கொண்டார். அதற்கப்புறம் பதினான்கு மழை பெய்துவிட்டது. இன்றைக்கு மட்டாஞ்சேரியில் எந்த வீட்டில் வைஃபை செத்தாலும் அண்ணாச்சிதான் போக வேண்டும். காதில் ஒரு டெஸ்டர், தோளில் ஒரு பை, முகத்தில் 'நீ என்னத்தப் பண்ணித் தொலைச்சே' என்கிற பார்வை.

நான் ஸுப்ரியா. பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கிடங்குக்கு மேல்மாடியில் இருக்கும் முதலாளியின் ஆபீசில் புகார் போன் எடுப்பவள். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அம்மா பிடித்து உட்காரவைத்துத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அண்ணாச்சியும் மட்டும். என் வேலை சுலபம். போன் வந்தால் "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கும் உயிர் வரவில்லை என்றால் புகார்ப் புத்தகத்தில் எழுதி அண்ணாச்சியை அனுப்ப வேண்டும்.

புகார்ப் புத்தகத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அண்ணாச்சி போய்விட்டு வந்து அதை நிரப்புவார். பதினான்கு வருஷமாக அந்தக் கட்டத்தில் ஒரே வாசகம்தான்: வாடிக்கையாளர் பிழை. பூனை பெட்டிமேல் படுத்தால் வாடிக்கையாளர் பிழை. எலி ஒயரைக் கடித்தால் அந்த எலியை வளர்த்த வாடிக்கையாளர் பிழை. போன வருஷம் ஒரு வீட்டில் இடி விழுந்து பெட்டி கருகியது. அண்ணாச்சி அதற்கும் அதையே எழுதினார். "மழைன்னு தெரியுதுல்லா? பிளக்க உருவ வேண்டியதுதானே?" என்றார்.

ஆனால் ஆள் கெட்டிக்காரர். இட்லிக்கடை பேச்சியம்மாள் வீட்டு இணைப்பு ஆமை வேகத்தில் ஊர்ந்தபோது, பெட்டியைத் தொடாமல் கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டே காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த அம்மாள் சட்னி கேட்டவனுக்கெல்லாம் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். அறுபத்துமூன்று போன்கள் அந்த ஒரு பெட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அது நிஜமாகவே வாடிக்கையாளர் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இப்பேர்ப்பட்டவரைத் தண்ணி குடிக்க வைத்த வீடு ஒன்று உண்டு. பிரியாணி நசீபாவின் வீடு.

நசீபாக்காவைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டார்கள். ராவுத்தர் குடும்பம். புருஷன் போன பிறகு கல்யாணச் சமையலைத் தானே எடுத்து நடத்தும் பொம்பளை. அவர்கள் வீட்டில் இருபத்தாறு செம்புகள் இருக்கின்றன. செம்பு என்றால் தண்ணீர் மொண்டு குடிக்கிற சொம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் செம்பு என்றால் நூறு பேருக்குப் பிரியாணி வேகிற, நாலு ஆள் தூக்குகிற பெரிய செப்பு அண்டா. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். வீட்டின் நடு அறை முழுக்க அந்தச் செம்புகள்தான், தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கும். முன் அறையில் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் உட்காருவார்கள். நடு அறைக்குப் பின்னால் மகன் ஆஷிக்கும் மருமகள் ஹஸீபாவும் இருக்கும் அறை.

ஹஸீபா கணக்கில் எம்.எஸ்ஸி. கல்யாணம் ஆன மூன்று வருஷமாக வெங்காயக் கணக்கும் அரிசிக் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில் ஒரு ஆன்லைன் கம்பெனியில் வளைகுடாப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது, சோதனைக் காலமாக. அதற்காகத்தான் அந்த வீட்டுக்கு வைஃபையே வந்தது. அண்ணாச்சிக்கு வாரநாளில் நேரமில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முன் அறைச் சுவரில் ஆக்சஸ் பாயிண்ட் பெட்டியை மாட்டினார். பின் அறையில் போனை வைத்துப் பார்த்தார். முழு சிக்னல். "அரண்மனை மாதிரி வீடு, ஒத்தப் பெட்டியிலயே முடிச்சிட்டேன் பாத்துக்கோ" என்று என்னிடம் வந்து பீற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை முதல் புகார் வந்தது. ஜூன் மாதத்துக்குள் நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் போனார், ஒவ்வொரு தடவையும் ஒரு வைத்தியம் பார்த்தார். பெட்டியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரியும். அதன் முன்னால் நின்று பார்த்தால் வேகம் பறக்கும். பின் அறைக்குப் போனால் செத்துவிடும். அடாப்டரை மாற்றினார். சேனலை ஒன்றிலிருந்து ஆறுக்கும், ஆறிலிருந்து பதினொன்றுக்கும் மாற்றினார். ஆன்டெனாக் கொம்புகளை மாட்டுக்கொம்பு மாதிரி விரித்தார், பிறகு ஆட்டுக்கொம்பு மாதிரி மடக்கினார். பெட்டியையே புதிதாக மாற்றினார். ஒன்றும் நடக்காதபோது ஹஸீபாவின் லேப்டாப் மேல் பழி போட்டார். அவளுடைய மேசையை அறையின் நாலு மூலைக்கும் நகர்த்த வைத்தார். ஒரு வாரம் அந்தப் பெண் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுத்தாள்.

"நீ என்னமோ தப்பா அமுக்குதம்மா" என்பார் அவளிடம். நாற்பத்தொரு தடவையும் சொன்னார். அவளும் நாற்பத்தொரு தடவை "இருக்கும் அண்ணா" என்று தலையாட்டினாள். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள், தனக்கு ஒரு பெட்டிகூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை என்று கடைசியில் நம்பவே ஆரம்பித்துவிட்டாள். போனில் என்னிடம் பேசும்போது குரல் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அண்ணாச்சி மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. நானும் ஒன்றும் கிழிக்கவில்லை, 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் கம்பெனிக்காரர்கள் கடைசி எச்சரிக்கை கொடுத்தார்கள். ஒரு வகுப்பை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அவர்கள் ஆள் உட்கார்ந்து பார்ப்பாராம். ஒரு தடவை இணைப்பு அறுந்தாலும் வேலை கிடையாது. அறுபடாமல் முடித்தால் நிரந்தரம். எந்த நாள் என்று அவளே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றாள்.

"ஏன் ஞாயிறு?" என்று கேட்டேன்.

"என்னவோ சேச்சி, ஞாயிறு மட்டும் நெட் நல்லாருக்கு" என்றாள்.

அதைக் கேட்டும் எனக்கு மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் போன் அடித்தது. "சேச்சி, எட்டு மணிக்குக்கூட சூப்பரா இருந்துச்சு. இப்பப் போயிட்டே இருக்கு" என்றாள் ஹஸீபா. அண்ணாச்சியை அழைத்துக் கத்திவிட்டு, இரண்டு சந்து தள்ளியிருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் ஆஷிக்கின் மினி லாரி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத் தோப்பும்படியில் ஒரு கல்யாணம். விடியற்காலையில் அத்தனை செம்பும் இறைச்சியும் அரிசியும் மண்டபத்துக்குப் போயிருந்தன. எட்டரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு மரணம், கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று செய்தி வந்ததாம். லாரி போன சுமையோடு அப்படியே திரும்பிவிட்டது. முன் அறையில் பெண் வீட்டு ஆண்கள் பத்துப் பேர் உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்தார்கள். நாலு சுமையாட்கள் செம்புகளை இறக்கி நடு அறைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

பின் அறையில் ஹஸீபா புதுச் சுடிதாரில், வெள்ளைப் பலகைக்கு முன்னால், அழுவதற்குத் தயாராக இருந்தாள். பலகை, பின்னணி, வெளிச்சம் எல்லாம் கம்பெனி முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொண்டது. வேறு இடத்தில் உட்கார முடியாது. அந்தக் காலத்துச் சுவர், முழ அகலம், போன் டேட்டாவும் உள்ளே வராது.

அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். போனை எடுத்துச் சிக்னலைப் பார்த்துக்கொண்டே அறை நடுவில் நின்றார். திரையில் வைஃபை விசிறிக் குறியில் மூன்று வளைவு இருந்தது. நடு அறையில் டொம் என்று ஒரு செம்பு இறங்கியது. வளைவு இரண்டானது. அண்ணாச்சி நிமிர்ந்தார். சுமையாட்கள் வெளியே போய் அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டொம். ஒரு வளைவு.

அதற்கடுத்த செம்பு அடுக்கின் மேலே ஏறியதும் விசிறியே காணாமல் போனது.

நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படியொரு வெளுப்பை நான் கண்டதில்லை. முன் அறையில் பெட்டி, பின் அறையில் ஹஸீபா, நடுவில் உத்தரம் வரைக்கும் செப்புச் சுவர். கல்யாணங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் செம்பெல்லாம் ஊர் போய்விடும், நெட் பறக்கும். திங்கட்கிழமை திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். என் புகார்ப் புத்தகத்தில் நோன்பு மாசத்தைத் தள்ளிவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. நோன்பு மாசத்தில் கல்யாணம் கிடையாது, அதனால் மாசம் முழுக்கச் செத்துக் கிடந்தது. எல்லாம் என் கையெழுத்தில் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

அண்ணாச்சி பெட்டியை மாட்டியதும் ஞாயிற்றுக்கிழமைதான். செம்பு இல்லாத வீட்டைத்தான் அவர் அன்றைக்குப் பார்த்தார். பிறகு வந்தபோதெல்லாம் செம்புகளுக்கு இடையில் ஒருக்களித்துப் புகுந்துதான் பின் அறைக்குப் போயிருக்கிறார். ஒரு தடவை மண்டையில் இடித்துக்கொண்டு வந்து என்னிடம் தைலம் கேட்டார்.

"பெட்டிய இந்தப் பக்கம் மாத்தலாம்ல?" என்றேன்.

"கேபிளு இருபது மீட்டர் வேணும். பையில நாலு முழந்தான் கெடக்கு. ஆபீஸ்ல எடுத்துட்டு வந்து இழுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்." மணி ஒன்பது இருபத்தைந்து. அண்ணாச்சி நேராக நசீபாக்காவிடம் போனார். "அக்கா, செம்பெல்லாம் ஒரு மணி நேரம் தெருவுல எறக்கி வைக்கணும்."

நசீபாக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "எடா இசக்கி, நினக்கு வட்டா, கிறுக்கா? இந்த வீட்டுச் செம்பு படி எறங்கினா அடுப்பு எரியணும். சும்மா எறங்கினா ஆளுக எந்தா சொல்லுவாங்க? நசீபா தொழில நிறுத்திட்டா, செம்ப விக்கப் போறாம்பாங்க. கல்யாணம் முடங்கின நாணக்கேடு போதும்."

"அக்கா, புள்ளைக்கு வேல போயிரும்."

நசீபாக்கா மருமகளின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் அசையவில்லை. முப்பது வருஷப் பெயர் அது.

முன் அறையில் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருக்கும். தேதி, பெயர், எத்தனை பேர், என்ன விசேஷம் என்று நாலு கட்டம். அது நிரம்பாமல் செம்பு நகராது. அண்ணாச்சி அந்தப் பலகையைப் பார்த்தார், லாரியில் ஊறிக்கொண்டிருந்த இறைச்சியைப் பார்த்தார். கல்யாணப் பெண்ணின் அப்பா அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அப்போதுதான் கைகழுவியிருந்தார்.

"அப்ப நான் ஆர்டர் தாரேன்" என்றார் அண்ணாச்சி. "இசக்கிராஜா. முன்னூறு பேரு. இன்னைக்கே. இந்தச் சந்துலயே."

முன் அறைச் சண்டை நின்றது. நசீபாக்கா சாக்பீஸை எடுத்துப் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதினார். "விசேஷம்?"

"பொறவு சொல்லுதேன்."

"சொல்லாம நான் தம் உடைச்சு மூடி தொறக்க மாட்டேன். முன்னூறு பேரும் கை கழுவிட்டு நிக்கும்."

"சரிக்கா. மொதல்ல எறக்குங்க."

சுமையாட்கள் நாலு பேர், ஆஷிக், அண்ணாச்சி, சண்டை போட வந்த பத்துப் பேர், நான் உள்பட எல்லோரும் செம்பு தூக்கினோம். பத்து மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது இருபத்தாறும் சந்துக்கு வந்துவிட்டன. மூன்றின் அடியில் தீ மூண்டது. மிச்சம் இருபத்துமூன்றும் ஊர் பார்க்க வரிசையாக நின்றன. மழை மூட்டம் இருந்தது, பெய்யவில்லை. நான் பின் அறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். விசிறி முழுசாக விரிந்திருந்தது. ஹஸீபா "குட் மார்னிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு மணி நேரமும் அண்ணாச்சி நடு அறை வாசலில் போனைக் கையில் பிடித்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு சாயாகூடக் குடிக்கவில்லை. தவலையோ தட்டோ எதையாவது தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர்களைக் கையைக் காட்டியே விரட்டினார். உள்ளே சதவிகிதம் நடந்தது. நூறு ரொட்டியில் இருபத்தைந்து ரொட்டி என்று ஹஸீபா குரலை உயர்த்திச் சொல்வது கேட்டது. ஆறு மாசமாக நான் போனில் கேட்ட குரல் அது இல்லை.

பதினொன்று மூன்றுக்குக் கதவு திறந்தது. "ஒரு தடவைகூட நிக்கலை" என்றாள். "அடுத்த வாரத்திலேருந்து ஆறு பிள்ளைங்க தர்றாங்க. நிரந்தரம்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். நசீபாக்கா கரண்டியோடு ஓடிவந்து கட்டிக்கொண்டதில் புதுச் சுடிதாரில் மசாலா ஆனது.

பன்னிரண்டரைக்குச் சந்து முழுக்க மணந்தது. செம்பு தெருவில் இறங்கியதைப் பார்த்தவர்கள் ஒருவர் விடாமல் தூக்குவாளியும் டிபன் பாக்ஸுமாக வந்து நின்றார்கள். பேச்சியம்மாள் முதல் ஆளாக நின்றாள். யாருக்குக் கல்யாணம் என்று யாரும் கேட்கவில்லை. பிரியாணி விஷயத்தில் எங்கள் ஊர் அப்படி அநாவசியக் கேள்வி கேட்காது.

கேட்டது நசீபாக்கா ஒருவர்தான். மாவு பூசி மூடிய முதல் செம்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆஷிக் பலகையையே கழற்றிக் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவைத்தான்.

"பறயடா. என்ன விசேஷம்?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "மகளுக்கு வேல கெடைச்ச சந்தோசம்னு போடுங்கக்கா."

"அது என் வீட்டு விசேஷம். ஆர்டர் தந்தது நீயல்லே? நினக்கு என்ன விசேஷம், சொல்லு."

வரிசையிலிருந்து யாரோ பசிக்குது என்று கத்தினார்கள். அண்ணாச்சி ஹஸீபாவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். சாக்பீஸை வாங்கிக் குனிந்து, தமிழில், மெதுவாக எழுதினார். நாலு கட்டத்தில் கடைசிக் கட்டம் போதாமல் எழுத்து சட்டத்தின் மேலும் ஏறியது. எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

நசீபாக்காவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. ஹஸீபாவுக்கும் ஆஷிக்குக்கும் அப்படியே. "ஸுப்ரியா, வாசிச்சுச் சொல்லு" என்றார் நசீபாக்கா.

நான் குனிந்து படித்தேன். பதினான்கு வருஷமாக அந்தக் கையெழுத்தில் இரண்டே வார்த்தைதான் பார்த்திருக்கிறேன். 'வேலைக்குப் பார்ட்டி' என்று நான் ஏதாவது மாற்றிச் சொல்லிவிடலாம், அந்த வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணாச்சியும் மாற்றிச் சொல்வதென்றால் சொல்லிக்கொள் என்பது போல என்னைப் பார்த்தார். ஆனால் நாற்பத்தொரு தடவை தலையாட்டிய பெண் பக்கத்திலேயே நின்றாள். சந்து முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

"பெட்டியைத் தப்பான இடத்தில் மாட்டியவன் நான். பிழை என்னுது. ஹஸீபா ஒண்ணும் தப்பா அமுக்கலை."

நசீபாக்கா சந்தையில் மீன் பார்ப்பது போல அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரண்டிக் காம்பால் மாவை உடைத்து மூடியைத் தள்ளினார். ஆவி எழும்பியது.

ஹஸீபா பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் ஒரு தடவை விரலை ஓட்டினாள். கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து, பிள்ளைகளின் நோட்டில் போடுவது போல, பக்கத்தில் பெரிதாக ஒரு 'சரி' அடையாளம் போட்டாள்.

"அண்ணா, வாங்க. முதல் தட்டு உங்களுக்கு" என்றாள்.